அடுத்த பிறந்தநாள் யாருக்கு?

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். வாயும் கொஞ்சம் நீளம். அப்படிப்பட்டவளுக்கு வாய்ச்ச வேலையைப் பாருங்க. வீடு வீடா ஏறி இறங்கி, மத்தவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டு, நான் என்ன நினைக்கிறேன்னு மூச்சு விடாம திரும்பி வர்ற வேலை.

சர்வே எடுக்கறது. சோப்புக்குக் கேட்டிருக்கேன், பிஸ்கட்டுக்குக் கேட்டிருக்கேன், ஆஸ்பத்திரிக்குக் கேட்டிருக்கேன். இந்தத் தடவை சைக்கிள் பாதை. பெரிய ரோட்டுல ரெண்டு ஓரத்துலயும் பச்சை பெயின்ட் அடிச்சு, பிளாஸ்டிக் குச்சியை வரிசையா நட்டு, சைக்கிளுக்கு மட்டும்னு நகராட்சி ஒதுக்கி விட்டிருந்துச்சு. சோதனைக்குத்தான். இருக்கட்டுமா, பிடுங்கி எறிஞ்சிடலாமான்னு ஜனங்களைக் கேட்டு முடிவு பண்ணுவாங்களாம்.

ரோடு முழுக்க இதே பேச்சுதான். மெத்தைக் கடைக்காரர் என்னை ஒரு மெத்தை மேல உட்கார வச்சு, நான் அதுக்குள்ள முழுகிட்டு எழுந்திரிக்க முடியாம தவிக்கும்போது, "ஏம்மா, மெத்தையை எவனாவது சைக்கிள்ல கட்டிக்கிட்டுப் போவானா? வண்டி நிறுத்த இடமில்லன்னு வர்ற ஆளெல்லாம் அடுத்த தெருவுக்குப் போறான்"னு கத்தினாரு. நியாயம்தான். எதிர்ப் பக்கத்து நர்ஸம்மா, "இப்பதான் உசிரைக் கையில பிடிக்காம வேலைக்குப் போறேன்"னாங்க. அதுவும் நியாயம்தான். ஒரு பெரியவர் மட்டும் எல்லாக் கேள்விக்கும், "நீ பார்த்து எதையாவது போட்டுக்கம்மா"ன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா வாயைத் திறக்கக் கூடாதே!

எங்க மேற்பார்வையாளருக்கு நாங்க வச்ச பேரு ஸ்கேல். அவர் சட்டையில மடிப்புக்கூட நேர்கோட்டுலதான் இருக்கும். அவர் பாடம் எடுத்தாருன்னா எடுத்ததுதான். கேள்வியை எழுதியிருக்கற மாதிரியே படிக்கணும். ஒரு எழுத்து கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. பதிலைக் கேட்டு "அடடா" போடக் கூடாது, "அப்படியா" போடக் கூடாது. தெரியாதுன்னு சொன்னா நோண்டக் கூடாது, தெரியாதுங்கறதும் ஒரு பதில்தான், அதுக்கும் கையில குடுத்திருக்கற டேப்லட்டுல ஒரு இடம் இருக்கு. எல்லாத்தையும்விட முக்கியமா, ஒருத்தர் பேசி நிறுத்தினா உடனே அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. மனசுக்குள்ள அஞ்சு எண்ணணும். "மனுஷங்க முதல்ல சொல்றது ஊருக்குச் சொல்ற பதில். அஞ்சு எண்ணினதுக்கப்புறம் சொல்றதுதான் அவங்க பதில்"னு சொல்லுவாரு.

இன்னொரு விதியும் உண்டு. கதவைத் திறக்கறவங்களையே கேட்டுட்டு வரக் கூடாது. அப்படிச் செஞ்சா ஊர்ல கதவு திறக்கறவங்களோட அபிப்பிராயம்தான் கிடைக்குமாம், உள்ளே உட்கார்ந்திருக்கறவங்களோடது கிடைக்காதாம். அதனால வாசல்லயே ஒரு கேள்வி: இந்த வீட்டுல இருக்கற பெரியவங்கள்ல அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருது? யாருக்கு வருதோ அவங்களைத்தான் கேக்கணும். "அவருக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொல்றேன்"னு யார் வந்தாலும் விடக் கூடாது.

கடைசி நாள் பட்டியல்ல எங்க அக்கா வீடு இருந்துச்சு.

பெரிய ரோட்டு மேலயே, மாடியில இருக்கற வீடு. "சொந்தக்காரங்க வீடு சார், வேற யாரையாவது அனுப்புங்க"ன்னேன். வேற யாரு? கூட வேலை செய்யறவ காய்ச்சல்ல படுத்திருந்தா. ஸ்கேல் நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டு, "சரி, போங்க. ஆனா ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த வீட்டுக்கு நானே அடுத்த வாரம் போன் பண்ணி, ஒரு கேள்வியை மறுபடி கேட்டு சரிபார்ப்பேன்"னாரு. கேளுங்க, யார் வேண்டாம்னாங்க!

அக்காவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். தங்கமானவ. ஆனா அவ கேள்வி கேட்டா பதிலையும் அவளே சொல்லிடுவா. "பசிக்குதா? பசிக்கும், காலையில ஒழுங்கா சாப்பிடல, கை கழுவு." இதுதான் அக்கா. அத்தான் அதுக்கு நேரெதிர். பஸ் டிரைவர். இந்த ரோட்டுலயேதான் வருஷக்கணக்கா ஓட்டினாரு. முன்னாடியெல்லாம் ஏதாவது ஒரு தமாஷாவது வரும் அந்த வாயிலிருந்து. நாலஞ்சு மாசமா அதுவும் இல்ல. முதுகு வலின்னு லீவு போட்டு வீட்டோட உட்கார்ந்துட்டாரு. படம் எடுத்துப் பார்த்தாங்க, ஊசி போட்டுப் பார்த்தாங்க, அக்கா தினம் தைலம் தேய்ச்சுப் பார்த்தா. கிணத்துல போட்ட கல்லுதான். வர்ற திங்கட்கிழமைக்குள்ள வேலையில சேரலைன்னா பேரை எடுத்துடுவோம்னு டிப்போவுல சொல்லிட்டாங்க. அந்தச் சம்பளத்துலதான் குடும்பமே ஓடுது. "திங்கட்கிழமை போயிடுவாரு"ன்னு அக்கா பார்க்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டு இருந்தா. அத்தான் சொல்லி நான் கேக்கல.

கதவைத் திறந்ததுமே அக்கா தயாரா இருந்தா.

"வாடி. எழுதிக்கோ. அந்தக் குச்சியெல்லாம் பிடுங்கி அடுப்புல போடச் சொல்லு. பஸ் ஓட்டறவன் கஷ்டம் எவனுக்காவது தெரியுமா? இருக்கற ரோட்டையும் பாதியாக்கி வச்சிருக்கான். உங்க அத்தான் திங்கட்கிழமை வண்டியை எடுக்கறப்ப எப்படித் திருப்புவாரு அந்த முதுகை வச்சுக்கிட்டு?"

"அக்கா, முதல்ல ஒரு கேள்வி இருக்கு. இந்த வீட்டில் பதினெட்டு வயது நிரம்பியவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறது?"

"என்னடி மேடையில பேசற மாதிரி பேசற?"

"அப்படித்தான்க்கா படிக்கணும்."

"எனக்குப் போன மாசம்தானே முடிஞ்சுது, நீ கூட மறந்துட்டியே. பொண்ணுக்கு வருஷக் கடைசி. இவருக்குத்தான், அடுத்த வெள்ளிக்கிழமை."

"அப்ப அத்தானைத்தான் கேக்கணும்."

"அவரையா?" அக்கா சிரிச்சே சிரிச்சுட்டா. "அவரு வாயிலேர்ந்து முத்து உதிர்றதுக்குள்ள விடிஞ்சிடும். நான் சொல்றேன், நீ அவர் பேரைப் போட்டுக்கோ."

"முடியாது."

"நான் உனக்கு அக்காடி!"

"அதனாலதான் முடியாது. அதோட நீ பக்கத்துலயும் இருக்கக் கூடாது."

அவ முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "நல்லா இருக்குடி உங்க ஆபீஸ்"னு சமையல்கட்டுக்குப் போனா. போன கையோட பாத்திரமெல்லாம் உருள ஆரம்பிச்சுது. எனக்காகத்தான் உருட்டறான்னு எனக்குத் தெரியாதா?

அத்தான் ஜன்னலோரத்து நாற்காலியில இருந்தாரு. ரோடு தெரியற ஜன்னல். ஆனா நாற்காலி சுவத்தைப் பார்த்துப் போட்டிருந்துச்சு, திரையும் இழுத்து விட்டிருந்துச்சு. வெளிச்சம் கண்ணைக் குத்துதாம். அக்கா சொல்லியிருந்தா. நானும் அதுக்கு மேல யோசிச்சதில்ல.

"அத்தான், சும்மா கொஞ்ச நேரம்தான். தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லலாம். புரியலைன்னா இன்னொரு தடவை படிக்கச் சொல்லலாம்."

"என்கிட்டயும் மேடைத் தமிழ்லதான் கேக்கப் போறியா? சரி, கேளும்மா"ன்னாரு. லேசா சிரிச்சாரு. பழைய அத்தான் எட்டிப் பார்த்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

வயசு, வேலை, சைக்கிள் வச்சிருக்கீங்களா, எதுல போறீங்க வர்றீங்க, எல்லாம் மடமடன்னு போச்சு. பாதி வழியில ஒரு கேள்வி. அன்னைக்கு வரைக்கும் எத்தனையோ வீட்டுல படிச்சுட்டேன். எல்லாரும் இல்லைன்னுட்டுப் போயிடுவாங்க.

"கடந்த ஓராண்டில் இச்சாலையில் விபத்தோ, விபத்து நேரக்கூடிய சூழலோ ஏற்பட்டதை நீங்கள் கண்டதுண்டா, அல்லது அதில் சம்பந்தப்பட்டதுண்டா?"

"இல்ல"ன்னாரு.

நான் இல்லங்கற இடத்துக்கு விரலைக் கொண்டு போனேன். பழக்க தோஷம், மனசு தானா எண்ண ஆரம்பிச்சுது. மூணு எண்ணியிருப்பேன்.

"உண்டு"ன்னாரு அத்தான்.

அடுத்த கேள்வி டேப்ல தானா வந்துச்சு. "அதைப் பற்றி உங்கள் சொந்த வார்த்தைகளில் கூறவும்."

"ஒண்ணும் ஆகல. அதான் யார்கிட்டயும் சொல்லல."

என் நாக்கு துடிச்சுது. "என்ன அத்தான், எப்போ அத்தான்"னு பிடிச்சு உலுக்கணும் போல இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு எண்ணினேன்.

"இந்தக் குச்சி நடறதுக்கு முந்தி. காலை நேரம். தூறல். மெத்தைக் கடை வாசல்ல ஒரு வேன் நின்னுட்டு இருந்துச்சு. அதைச் சுத்திக்கிட்டு ஒரு பொண்ணு சைக்கிள்ல வெளியே வந்தா. வழுக்கி என் வண்டிக்கு முன்னாடி விழுந்தா. பின்னாடி சீட்டுல குழந்தை. பிரேக் மேல ஏறி நின்னேன். பஸ்ல எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து என்னைத் திட்டறாங்க. வண்டி நின்னுடுச்சு. முன்சக்கரத்துக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவுல என் கை வைக்கற இடம்தான் இருந்துச்சு."

விரலை நிறுத்தாம அவர் சொன்னதைச் சொன்னபடியே அடிச்சுக்கிட்டு இருந்தேன். எழுத்து கண்ணுல கலங்குது. அடிக்கறதை விடல.

"அந்தப் பொண்ணு எழுந்திரிச்சா. முட்டியைத் தட்டிவிட்டா. பரவால்லன்னு எனக்குக் கையைக் காட்டிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டா. புகார் இல்ல, ஒரு கீறல் இல்ல. நானும் அந்த ட்ரிப்பை முடிச்சேன்."

சமையல்கட்டுல சத்தம் நின்னு போயிருந்துச்சு. எப்போ நின்னுச்சுன்னு நான் கவனிக்கல.

"அதான் ஒண்ணும் ஆகலியே அத்தான்"னு என் வாய் வரைக்கும் வந்துடுச்சு. சத்தியமா சொல்றேன், விதின்னு ஒண்ணு இல்லைன்னா சொல்லியிருப்பேன். ஊர்ல எல்லாரும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. அதனாலதானே மனுஷன் யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்காரு.

"அந்தக் குழந்தை அழலம்மா"ன்னாரு கடைசியா. "கீழே விழுந்ததை ஏதோ விளையாட்டுன்னு நெனச்சுக்கிச்சு. சக்கரத்துக்குக் கீழே படுத்துக்கிட்டு என்னைப் பார்த்து சிரிச்சுது. மறுநாள் சீட்டுல உட்கார்ந்தேன். கால் பிரேக்கை விட்டு வரவே மாட்டேங்குது. நடுங்குது. டிப்போவுல என்னன்னு சொல்ல? முதுகு வலின்னு சொன்னேன்."

நாலஞ்சு மாசம். அந்த முதுகைத்தான் அக்கா தேய்ச்சுக்கிட்டு இருந்தா. நான் வேற வர்றப்பெல்லாம் "என்ன அத்தான், நாற்காலி தேயுது"ன்னு கேலி பண்ணிட்டுப் போவேன்.

கடைசிக் கேள்வியைப் படிக்கறதுக்குள்ள என் குரல் ரெண்டு தடவை உடைஞ்சுது. "இந்த சைக்கிள் பாதை தொடர்ந்து இருக்க வேண்டுமா, அகற்றப்பட வேண்டுமா?"

அவர் திரையைப் பார்த்தாரு. அதை விலக்கல. "தெரியலம்மா. நான் அதை டிரைவர் சீட்லேர்ந்து பார்த்ததில்ல. பார்க்காம எப்படிச் சொல்றது?"

தெரியாதுன்னு போட்டேன். நன்றி வாசகத்தையும் விடாம படிச்சு டேப்பை மூடினேன்.

அக்கா சமையல்கட்டு வாசப்படியில நின்னுட்டு இருந்தா. கையில ஈரத் துணி. கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. இப்ப இவ கொட்டப் போறா, என்கிட்ட ஏன் சொல்லலைன்னு ஆரம்பிச்சு கல்யாணம் ஆன நாள் வரைக்கும் இழுக்கப் போறான்னு நெனச்சேன். அவ வாயைத் திறந்தா, மூடினா. அப்புறம் கேட்டா.

"திங்கட்கிழமை போறீங்களா?"

அவ்வளவுதான். அதோட நிறுத்திட்டா. என் வயசுக்கு அக்கா ஒரு கேள்வியைக் கேட்டுட்டு பதிலுக்காக நின்னதை அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்த்தேன்.

"தெரியல"ன்னாரு அத்தான்.

அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. இதுக்கு என்ன செய்யறதுன்னு என்னைக் கேக்கற மாதிரி.

"அதுவும் பதில்தான்க்கா"ன்னேன்.

"சரி"ன்னா. அவர் பக்கத்துல தரையில உட்கார்ந்துட்டா. நான் செருப்பை மாட்டிக்கிட்டு சத்தம் இல்லாம இறங்கி வந்துட்டேன்.

சாயங்காலம் போன் வந்துச்சு. எடுத்ததும் அழுகை. "இத்தனை நாள் அந்த மனுஷன் முதுகைத் தேய்ச்சேன்டி. ஒரு நாளாவது என்னன்னு கேட்டேனா? வலிக்குதா, வலிக்கும், திரும்பிப் படுங்க. இதைத்தான் சொல்லிட்டு இருந்திருக்கேன்." நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "நீ பேசாதே. நீ பாட்டுக்கு வந்து கிளறி விட்டுட்டுப் போயிட்ட. இப்ப திங்கட்கிழமைக்கு நான் என்ன பண்ணுவேன்? நானா கூப்பிடற வரைக்கும் நீ கூப்பிடாதே"ன்னு வச்சுட்டா.

கூப்பிடல. சனிக்கிழமை போச்சு, ஞாயித்துக்கிழமை போச்சு. திங்கட்கிழமை முழுக்க போனை எடுக்கறதும் வைக்கறதுமா இருந்தேன். பெரிய ரோட்டுப் பக்கம் போய் நின்னு வர்ற பஸ்ஸையெல்லாம் பார்க்கலாமான்னு கூடத் தோணுச்சு. போகல. பயம். எந்த பஸ்லயும் அவர் இல்லாம போயிட்டா? ஆறின புண்ணைக் கீறி விட்டுட்டமோ, ரெண்டு நாள் விட்டிருந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டாவது போயிருப்பாரோன்னு மனசு அடிச்சுக்கிச்சு. யார்கிட்டயும் சொல்லவும் முடியாது. வீட்டுல கேட்டதை வெளியே சொல்லக் கூடாதுங்கறதும் ஒரு விதி.

வியாழக்கிழமை ஸ்கேல் என்னைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டாரு. முகம் கடுகடுன்னு இருந்துச்சு.

"உங்க அக்கா வீடு. பதில் இடிக்குது."

"என்ன சார் இடிக்குது?"

"கடைசிக் கேள்வி. நீங்க தெரியாதுன்னு போட்டிருக்கீங்க. நான் போன் பண்ணிக் கேட்டா வேற பதில் வருது. வீட்டுல உட்கார்ந்து நீங்களே நிரப்பினீங்களா?"

வந்துச்சு பாருங்க எனக்குக் கோபம்! "சார், நான் இருபது வருஷமா இந்த வேலை பார்க்கறேன். அந்த வீட்டுல ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல. என் சொந்த அத்தான் எதிர்ல உட்கார்ந்து உடைஞ்சு போறாரு, நான் ஒரு 'அடடா' கூடப் போடல. நிரப்பினீங்களான்னு கேக்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

பக்கத்து மேஜையில எல்லாரும் திரும்பிட்டாங்க. ஸ்கேல் அசையல.

"நேத்து காலையில கூப்பிட்டேன். உங்க அக்கா எடுத்தாங்க. அவர் டிப்போவுக்குப் போயிருக்காரு, சாயங்காலம் கூப்பிடுங்கன்னாங்க. ஒரே ஒரு கேள்விதான், நீங்களே சொன்னாலும் குறிச்சு வச்சுக்கறேன்னு சும்மா சொல்லிப் பார்த்தேன். சோதனைக்கு அப்படிக் கேக்கறது உண்டு."

"என்ன சொன்னா?"

"'அவர் பதிலை என்கிட்ட கேக்காதீங்க'ன்னு வச்சுட்டாங்க."

எங்க அக்கா! அவளா இப்படிச் சொன்னா!

"சாயங்காலம் அவரே எடுத்தாரு. சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கேன்." கண்ணாடியை மாட்டிக்கிட்டு, எங்களுக்குச் சொல்லிக் குடுத்த அதே குரல்ல, ஏற்றம் இறக்கம் இல்லாம படிச்சாரு. "'ரெண்டு நாளா பயணி மாதிரி டிரைவர் பின்னாடி உட்கார்ந்து போய் வந்தேன். வீட்டுக்காரியும் கூட வந்தா. திங்கட்கிழமையே டிப்போவுல முதுகு வலி இல்லன்னு உண்மையைச் சொல்லிட்டேன். இன்னைக்கு ஒரு மூத்த டிரைவரைப் பக்கத்துல வச்சு, காலி பஸ்ஸை அந்த ரோட்டுல ஓட்டிப் பார்த்தேன். பயம் போகல. ஆனா குச்சி இருக்கறதால சைக்கிள்காரங்க எந்தப் பக்கம் இருப்பாங்கன்னு தெரியுது. கால் பிரேக்கை விட்டு வருது. பாதை இருக்கட்டும்.'"

நான் மேஜையோட விளிம்பைப் பிடிச்சுக்கிட்டேன்.

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல சார்."

ஸ்கேல் கண்ணாடியைக் கழட்டி வச்சாரு. அடுத்து எதுவும் கேக்கல. சும்மா என்னைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. பாவி மனுஷன், அஞ்சு எண்ணறாரு.

"எனக்குப் புரியல சார்"னு சொல்லிட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சேன். "இன்னொரு தடவை படிங்க."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, முதல்லேர்ந்து படிச்சாரு.